வெல்டிங், ஃபேப்ரிகேஷன் வேலைக்கு வர நினைக்கிறவர்களுக்கு: அளவில் தொடங்குங்கள்

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் சாலையில் திருவெறும்பூரைத் தாண்டினால் துவாக்குடி. 1960-களில் பெல் (BHEL) பாய்லர் தொழிற்சாலை வந்ததும் அதற்கு வேலை செய்து கொடுப்பதற்காகவே வளர்ந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் இந்தச் சுற்றுவட்டாரம் முழுக்க இருக்கின்றன. அப்படி ஒரு பட்டறையில்தான் நான் வேலை கற்றுக்கொண்டேன். இப்போது புதிதாக வரும் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுக்கிறேன். வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே ஒன்று கேட்பார்கள்: "அண்ணே, ஹோல்டரை எப்ப கையில தருவீங்க?" வெல்டிங் ராடை மாட்டிப் பிடிக்கிற கைப்பிடிதான் ஹோல்டர்.

கொஞ்சம் பொறுங்கள் தம்பி என்றுதான் சொல்வேன். ஒரு ஜாப் (நாம் செய்கிற பொருள்) நன்றாக வருமா வராதா என்பது ராடு பற்றவைக்கும் முன்பே பாதி முடிவாகிவிடும். தகட்டைச் சரியாக அளந்தோமா, மார்க்கிங் சரியா, சேரும் இடத்தில் இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இருக்கிறதா, ஃபிரேம் மூலைக்கு மூலை சரியாக நிற்கிறதா என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். இதில் கோட்டை விட்டால் எவ்வளவு பெரிய வெல்டர் வந்தாலும் காப்பாற்ற முடியாது. அதனால் இந்தக் கட்டுரையிலும் அளவுக்குத்தான் அதிக இடம்.

எந்தப் பிரிவை எடுப்பது

ஐடிஐயில் உலோக வேலைக்கென்று பல பிரிவுகள் இருக்கின்றன. வெல்டர் ஓராண்டுப் படிப்பு, எட்டாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட் ஆகியவை இரண்டு ஆண்டு, அவற்றுக்குப் பத்தாம் வகுப்பு வேண்டும். தகட்டு வேலைக்கு ஷீட் மெட்டல் ஒர்க்கர் என்று தனிப் பிரிவு உண்டு. வெல்டரிலேயே பைப், ஸ்ட்ரக்சுரல் என்று பிரித்தும் சில இடங்களில் நடத்துகிறார்கள்.

பத்தாம் வகுப்பு தேறியவர் என்னிடம் வந்து கேட்டால் ஃபிட்டர் எடுக்கத்தான் சொல்வேன். வெல்டிங்கை அப்புறம் தனியாகக் கற்றுக்கொள்ளலாம். ஃபிட்டர் வேலை தெரிந்தவருக்கு டிராயிங் படிக்க வரும், அளக்க வரும், பொருத்த வரும். பட்டறையில் நாளைக்கு நாலு பேரை வைத்து வேலை வாங்கும் இடத்துக்கு இவர்தான் போவார். வீட்டு நிலைமை காரணமாகச் சீக்கிரம் சம்பாதித்தே ஆகவேண்டும் என்றால் வெல்டர் எடுங்கள், தவறில்லை. ஆனால் ஃபிட்டர் வேலையை ஓரமாக நின்றாவது பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். லேத், மில்லிங், சிஎன்சி (கணினி சொல்படி ஓடும் மெஷின்) பக்கம் ஆசை இருப்பவர்களுக்கு டர்னர், மெஷினிஸ்ட் சரியாக வரும். ஒன்று மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிஎன்சியில் ஜாப்பை மாட்டி, பட்டனை அழுத்தி, கழற்றி வைக்கிற ஆபரேட்டர் வேறு. டூல் மாற்றி, அதற்கான அளவுத் திருத்தத்தை (ஆஃப்செட்) கொடுத்து, முதல் பீஸை ஓகே செய்கிற செட்டர் வேறு. பதினைந்து நாள் கோர்ஸ் முடித்தவர் ஆபரேட்டராகவே நின்றுவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சேருவது எப்படி

பத்தாம் வகுப்பு முடிவு வந்த கையோடு விண்ணப்பம் தொடங்கிவிடும். வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். இணைய வசதி இல்லாதவர்கள் பக்கத்து அரசு ஐடிஐக்கே நேரில் போனால் அங்கேயே உதவி செய்வார்கள். 14 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆண்களுக்கு 40 வயது வரை. பெண்களுக்கு உச்ச வயது வரம்பு இல்லை. அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு, சீருடையும் ஷூவும் பஸ் பாஸும் தருகிறார்கள். அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் தனியாகக் கிடைக்கும். என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்று சேரும் அன்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐகளை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் சேர்ந்து புது இயந்திரங்களோடு மேம்படுத்தியிருக்கிறார்கள். பக்கத்தில் அப்படி ஒன்று இருந்தால் முதலில் அங்கே முயன்று பாருங்கள்.

தனியார் ஐடிஐயில் சேருவதாக இருந்தால் பணம் கட்டும் முன் ஒருநாள் ஒர்க்‌ஷாப்புக்குள் போய்ப் பாருங்கள். கட்டிடத்தைப் பார்க்க வேண்டாம், குப்பைத் தொட்டியைப் பாருங்கள். எரிந்து மிச்சமான ராடு துண்டுகள் குவிந்து கிடந்தால் பிள்ளைகள் உண்மையிலேயே வெல்டிங் செய்கிறார்கள். தொட்டி சுத்தமாக இருந்தால் அங்கே நோட்டில்தான் வெல்டிங் நடக்கிறது. அப்புறம் எத்தனை பேருக்கு ஒரு மெஷின், நாளைக்கு ஒருவருக்கு எத்தனை ராடு என்று படிக்கும் பிள்ளைகளிடமே கேளுங்கள். மத்திய அரசின் அங்கீகாரம் (என்சிவிடி என்பார்கள்) இருக்கிறதா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். அது இல்லாத சான்றிதழ் பல அரசு வேலைகளுக்கு உதவாது.

படிப்பு ஐடிஐயோடு நின்றுவிடும் என்ற பயம் பெற்றோருக்கு இருக்கும். பத்தாம் வகுப்புக்குப் பிறகு இரண்டு ஆண்டு ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். மொழிப் பாடத் தேர்வு மட்டும் எழுதித் தேறினால் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான சான்றும் வாங்கிவிடலாம்.

முதல் மூன்று மாதம்: அரமும் அளவும்

ஃபிட்டர் பிரிவில் சேர்ந்தவுடன் ஒரு இரும்புக் கட்டையைக் கையில் கொடுத்து, வைஸில் பிடித்து அரத்தால் தேய்க்கச் சொல்வார்கள். நாள் கணக்கில் தேய்க்க வேண்டும், கை கொப்பளிக்கும். மெஷினில் ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலைக்கு எதற்கு இந்தப் பாடு என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. தேய்த்த முகத்தில் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால், இரண்டுக்கும் நடுவே நூல் போல ஒளி தெரியும். எந்தப் பக்கம் தெரிகிறதோ அந்தப் பக்கம் பள்ளம். அரம் ஆடினால் நடு உயர்ந்து ஓரம் இறங்கிவிடும். ஒளி தெரியாத அளவுக்குத் தேய்க்க வந்த அன்று, இரும்பு எவ்வளவு இழுக்கும், எவ்வளவு கொடுக்கும் என்பது கைக்கே தெரிந்துவிடும். வாழ்நாள் முழுக்க கூட வருகிற அறிவு அது. இதில் சலிப்படைந்து ஓடிவிடாதீர்கள்.

இந்த மாதங்களில் வெர்னியரும் மைக்ரோமீட்டரும் பார்க்கத் தெளிவாகக் கற்றுக்கொள்ளுங்கள். வழக்கமான வெர்னியரில் 0.02 மில்லிமீட்டர் வரையும், மைக்ரோமீட்டரில் 0.01 வரையும் பார்க்கலாம். டேப்பை இழுத்து அளக்கும்போது முனையில் இருக்கும் கொக்கி தேய்ந்திருந்தால் அளவு மாறும். அதனால் முக்கியமான அளவுக்கு 100-லிருந்து தொடங்கி அளந்துவிட்டு 100-ஐக் கழித்துக்கொள்வது பட்டறை வழக்கம். கழிக்க மறந்து 100 மில்லிமீட்டர் நீளமாக வெட்டுவதும் பட்டறையில் நடப்பதுதான், எனவே வெட்டும் முன் இன்னொருவரை ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள்.

சில கணக்குகள் நாக்கு நுனியில் இருக்க வேண்டும். இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ என்றால், கனத்தை மில்லிமீட்டரில் எடுத்து 7.85-ஆல் பெருக்குங்கள். 12 மில்லிமீட்டர் தகடு, 1.5 மீட்டர் நீளம், 0.8 மீட்டர் அகலம் என்றால் 1.2 சதுர மீட்டர். எடை 113 கிலோ. இதை இரண்டு பேர் தூக்கலாமா, கிரேன் வேண்டுமா என்பது அந்தக் கணக்கில் தெரியும். உருண்டைக் கம்பிக்கு, விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை: 25 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 3.86 கிலோ. செங்கோணம் பார்க்க 300, 400, 500 எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் 300, மறுபக்கத்தில் 400 குறித்து, குறுக்கே 500 வந்தால் மூலை நேர். சதுர ஃபிரேம் கட்டினால் இரண்டு மூலைவிட்டமும் ஒரே அளவா என்று பார்க்காமல் டேக் (நகராமல் இருக்கப் போடும் சின்ன வெல்டு) வைக்காதீர்கள்.

டிராயிங் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் நாட்டு டிராயிங்குகள் ஃபர்ஸ்ட் ஆங்கிள் முறையில் இருக்கும், ஐடிஐயிலும் அதுதான் பாடம். அமெரிக்க வாடிக்கையாளரிடமிருந்து வரும் டிராயிங் தர்ட் ஆங்கிளில் இருக்கும். இரண்டிலும் பக்கவாட்டுத் தோற்றம் இடம் மாறி நிற்கும். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, நாற்பது பிராக்கெட்டுக்கு மார்க்கிங் செய்யச் சொன்னார்கள். டிராயிங்கின் கீழ்மூலையில், எந்த முறை என்று காட்டும் கூம்புக் குறி இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. நாற்பதுக்கும் ஓட்டை எதிர்ப்பக்கம் விழுந்தது. எல்லாம் ஸ்கிராப். முதலாளி திட்டக்கூட இல்லை, அந்தத் தகட்டின் எடையை மட்டும் என்னைக் கணக்குப் போடச் சொன்னார். அன்றிலிருந்து டிராயிங்கை வாங்கியதும் கண் முதலில் அந்த மூலைக்குத்தான் போகும். அடுத்து ஸ்கேல், அலகு மில்லிமீட்டரா அங்குலமா, டாலரன்ஸ் (அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்பது), கடைசியாக டிராயிங்கின் திருத்த எண். பட்டறையில் பழைய பிரிண்டை வைத்துக்கொண்டு வேலை செய்து வீணான ஜாப்புகளுக்குக் கணக்கில்லை.

இனி ஹோல்டர்

சரி, இப்போது வெல்டிங். முதலில் கற்க வேண்டியது சாதாரண ராடு வெல்டிங், பட்டறையில் ஆர்க் என்பார்கள். அது கைக்கு வந்தபின் சிஓ2, அதன்பின் ஆர்கான் என்று, வாயுவின் காப்பில் செய்யும் வெல்டிங்குக்குப் போவது நல்லது. சிஓ2-வில் வயர் தானாக வந்துகொண்டே இருப்பதால் சீக்கிரம் பழகிவிடும். அதிலேயே தொடங்கியவருக்கு ராடு பிடிக்கும் கை வருவது கஷ்டம்.

தொடக்கத்தில் 6013 ராடு, 3.15 மில்லிமீட்டர், தட்டையாக வைத்த தகடு. கரண்ட்டை 100 ஆம்பியருக்கு அக்கம்பக்கம் வைத்துத் தொடங்கி, ராடு பாக்கெட்டில் போட்டிருக்கும் எல்லைக்குள் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். கரண்ட் குறைந்தால் ராடு ஒட்டும், வெல்டு மேலே மேடாக உட்காரும். கூடினால் ஓரம் அரித்து அண்டர்கட் விழும், ராடு சிவந்துபோகும். சரியாக இருந்தால் எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் பொரிகிற மாதிரி ஒரே சீரான சத்தம் வரும். காதை நம்புங்கள்.

எல்லாப் புதியவர்களும் வெளிச்சத்தைத்தான் பார்ப்பார்கள். எனக்குக் கற்றுக் கொடுத்த மேஸ்திரி பின்னால் நின்று தோளைத் தட்டி, "தம்பி, நெருப்பைப் பாக்காதே, அதுக்குப் பின்னாடி நிக்கிற குளத்தைப் பாரு" என்பார். உருகிய இரும்பு சின்னக் குளம் மாதிரி நிற்கும். அதன் மேல் ஸ்லாக் (ராடின் பூச்சு உருகி வரும் கசடு) மிதந்து பின்னுக்கு ஒதுங்கும். அந்தக் குளம் இரண்டு பக்கத் தகட்டையும் தொட்டு நனைக்கிறதா, அகலம் மாறாமல் இருக்கிறதா என்பதைப் பார்த்துக்கொண்டே கையை நகர்த்த வேண்டும். ஸ்லாக் குளத்தை முந்திக்கொண்டு வந்தால் உள்ளே மாட்டிக்கொள்ளும். இது பிடிபட எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. பிடிபட்ட அன்று, சிப்பிங் சுத்தியலால் தட்டும் முன்பே ஸ்லாக் தானாக உரிந்து சுருண்டு வந்தது.

அடுத்து 7018 ராடு. பாய்லர், பிரஷர் வெசல், கனமான ஸ்ட்ரக்சர் எல்லாவற்றிலும் இதுதான். முன்னால் இருக்கும் 70 என்பது இழுவலிமை, சதுர அங்குலத்துக்கு 70,000 பவுண்டு. 1 என்றால் எல்லா நிலையிலும் வெல்டு செய்யலாம். கடைசி 8 அதன் பூச்சு வகை, ஹைட்ரஜன் குறைந்தது. பூச்சு ஈரம் இழுத்துவிட்டால் அந்த ஈரத்திலிருந்து ஹைட்ரஜன் வெல்டுக்குள் போய், வேலை முடிந்து ஆறிய பிறகு விரிசல் விடும். அதனால்தான் 7018-ஐ அடுப்பில் சுட்டு, சூடு ஆறாத கையடக்க ஓவனில் வைத்து எடுத்துச் செலவு செய்கிறோம். திறந்த பாக்கெட்டை ஜன்னலோரம் வைத்துவிட்டு மறுநாள் எடுக்கும் பட்டறையில் கற்காதீர்கள்.

வெப்பத்தில் தகடு கோணிக்கொள்ளும் என்பது புத்தகத்தில் ஒரு பத்திதான் இருக்கும். பட்டறையில் பாதி நாள் அதோடுதான் போராட்டம். ஒரே மூச்சாக ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓட்டினால் தகடு வில்லாக வளையும். முதலில் இரு முனையிலும் நடுவிலும் டேக் வையுங்கள், கொஞ்சம் இங்கே கொஞ்சம் அங்கே என்று விட்டுவிட்டு ஓட்டுங்கள், இரண்டு பக்க வெல்டு என்றால் பக்கம் மாற்றி மாற்றிப் போடுங்கள். எந்தப் பக்கம் இழுக்கும் என்று தெரிந்தால் முன்கூட்டியே எதிர்ப்பக்கம் சற்றுச் சாய்த்து டேக் வைப்பது நல்ல ஃபிட்டருக்கு அழகு.

உடம்பு

இதை எந்த இடத்திலும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆர்க் வெல்டிங்குக்கு 10 முதல் 12 ஷேடு கண்ணாடி வேண்டும். டேக் வைக்கத்தானே என்று வெறும் கண்ணோடு முகத்தைத் திருப்பிக்கொள்வது கூடவே கூடாது. அந்த நேரம் ஒன்றும் தெரியாது. ராத்திரி படுத்த பிறகு கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்ட மாதிரி வலிக்கும், தண்ணீர் கொட்டும். உருளைக்கிழங்கு வைக்கச் சொல்வார்கள், தாய்ப்பால் விடச் சொல்வார்கள். ஒன்றும் விடாதீர்கள், கண் டாக்டரிடம் போங்கள்.

ஜிஐ பைப்பை வெல்டு செய்தால் துத்தநாகப் புகை வரும். அன்றிரவே குளிரும் காய்ச்சலும் அடிக்கும். பால் குடித்தால் சரியாகும் என்ற நம்பிக்கையில் பலர் மாஸ்க் போடுவதில்லை. பூச்சை அரைத்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில், மாஸ்க்கோடு செய்யுங்கள். டேங்குக்குள் ஆர்கான் வெல்டிங் இன்னும் ஆபத்து. ஆர்கான் காற்றைவிடக் கனம், வாசமும் இல்லை நிறமும் இல்லை, அடியில் தேங்கி மூச்சுக்காற்றை வெளியே தள்ளிவிடும். வெளியே ஒரு ஆள் நிற்காமல், காற்று அடிக்காமல் உள்ளே இறங்க மாட்டேன் என்று சொல்லும் உரிமை புதியவருக்கும் உண்டு.

கிரைண்டரில் நாலு இஞ்ச் மெஷினுக்குக் கார்டை (வீலை மூடியிருக்கும் காப்பு) கழற்றிவிட்டு ஐந்து இஞ்ச் வீல் மாட்டுவது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது. வீலில் எத்தனை சுற்று வரை தாங்கும் என்று அச்சிட்டிருக்கும். மெஷின் அதற்கு மேல் சுற்றினால் வீல் சிதறும், சிதறினால் முகத்துக்குத்தான் வரும். கட்டிங் செட்டில் ஆக்சிஜன் கறுப்பு சிலிண்டர், அசிட்டிலீன் மெரூன். அசிட்டிலீன் சிலிண்டரின் மரை இடப்பக்கம் திருகுவது, இரண்டும் மாறிவிடக் கூடாது என்பதற்காகத்தான். ஆக்சிஜன் ரெகுலேட்டரில் ஒரு சொட்டு எண்ணெய் கூடப் படக் கூடாது, தீப்பிடிக்கும்.

அப்ரண்டிஸ்

ஐடிஐ முடித்ததும் நேராக வேலைக்குப் போகாமல் ஓராண்டு அப்ரண்டிஸாக (தொழில் பழகுநராக) சேருங்கள். 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி உதவித்தொகை கொடுக்க வேண்டும், முடிவில் தேர்வு எழுதி தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் வாங்கலாம். மத்திய அரசின் அப்ரண்டிஸ்ஷிப் இணையதளத்தில் பதிவு செய்துவிட்டு, ரயில்வே, பொதுத்துறை நிறுவனங்களின் அறிவிப்புகளைக் கவனித்துக்கொண்டே இருங்கள்.

உங்களை அந்த ஓராண்டும் கூட்டிப் பெருக்கவும் ஜாப் தூக்கவும் மட்டும் வைத்திருந்தால், மேஸ்திரியிடம் மதிய இடைவேளையில் ஸ்கிராப் துண்டுகள் கேளுங்கள். சாப்பிட்டு மிச்சமான இருபது நிமிடம் இரண்டு ராடு ஓட்டப் போதும். கற்க வருகிறவனை விரட்டும் மேஸ்திரியை நான் பார்த்ததில்லை. கையோடு ஒரு நோட்டு வைத்து, எந்தக் கனத்துக்கு எந்த ராடு, எவ்வளவு கரண்ட், எத்தனை ரன் (வெல்டு அடுக்கு) போனது, எது ரிப்பேர் ஆனது என்று தினமும் எழுதுங்கள்.

டெஸ்ட் பீஸ்

எந்தச் சான்றிதழ் இருந்தாலும் நல்ல கம்பெனியில் கேட்கிற முதல் வார்த்தை, "ஒரு பீஸ் போட்டுக் காட்டு". தகட்டில் 3ஜி என்றால் செங்குத்தாக, 4ஜி என்றால் தலைக்கு மேலே. பைப்பில் 6ஜி என்றால் 45 டிகிரி சாய்த்து அசையாமல் கட்டியிருக்கும், நீங்கள்தான் குனிந்தும் நிமிர்ந்தும் சுற்றிவர வேண்டும். அதில் தேறியவர் கிட்டத்தட்ட எந்த நிலையிலும் வெல்டு செய்யலாம். முடித்த பீஸை எக்ஸ்ரே எடுப்பார்கள், அல்லது பட்டைகளாக வெட்டி 180 டிகிரி மடக்குவார்கள். மடக்கிய இடத்தில் 3 மில்லிமீட்டருக்கு மேல் வாய் திறந்தால் ஃபெயில்.

தோற்பவர்கள் பெரும்பாலும் ரூட்டில், அதாவது அடியில் போடும் முதல் ரன்னில் தோற்கிறார்கள். ரூட் தவறுவது பெரும்பாலும் ஃபிட்டப்பினால், அதாவது இரண்டு துண்டையும் பொருத்திய விதத்தால். இடைவெளி ஒரு பக்கம் 3, மறுபக்கம் 2 என்று இருந்தால் குறுகின பக்கம் உள்ளே ஊடுருவாது. டெஸ்டுக்குப் போகும்போது அவசரப்படாமல் ஓரத்தைப் பளபளவென்று அரைத்து, இடைவெளியைச் சுற்றிலும் நாலு இடத்தில் ஒரே கம்பியை விட்டுப் பார்த்து, டேக்கின் இரு முனையையும் இறகு மாதிரி அரைத்துவிட்டுத் தொடங்குங்கள். மேற்பார்க்கிறவர் நீங்கள் ரூட் ஓட்டும் முன்பே பாதி மதிப்பெண் போட்டிருப்பார்.

பாய்லர் வேலைக்கு இந்தியப் பாய்லர் விதிமுறைகளின்படி தனித் தேர்வு உண்டு. கொதிகலன் துறை தரும் அந்தச் சான்று இரண்டு ஆண்டு செல்லும். ஏஎஸ்எம்இ (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) விதிப்படி தேறியவரும் ஆறு மாதம் அந்த முறையில் வெல்டு செய்யாமல் இருந்தால் தகுதி போய்விடும். கம்பெனி மாறும்போது கடைசியாக வேலை செய்த பதிவை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆழமாகப் படிக்க விரும்புகிறவர்களுக்குத் திருச்சி பெல் வளாகத்திலேயே 1975 முதல் வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது.

ஒரே வகை வேலையில் மட்டும் தேர்ந்து நின்றுவிடாதீர்கள் என்பதற்கும் இந்த ஊரே சாட்சி. 2010-களில் அனல்மின் நிலைய ஆர்டர்கள் குறைந்தபோது இங்கே பல யூனிட்கள் மூடின. பாய்லர் பேனல் மட்டும் தெரிந்தவர்கள் தடுமாறினார்கள். டிராயிங் படிக்கத் தெரிந்த ஃபிட்டர்கள் எந்த ஊர், எந்த வேலை என்றாலும் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

வளைகுடாவுக்குப் போகிறவர்கள்

பத்தாம் வகுப்பு தேறாதவரின் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்ற நிபந்தனை வரும். கூடுதல் நடைமுறை, அவ்வளவுதான். ஏஜென்ட்டின் உரிம எண்ணை மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் சரிபாருங்கள். சட்டப்படி அவர் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். லட்சத்தில் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். தமிழக அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை நடத்துகிறது, அங்கே பதிவு செய்து வையுங்கள். வெல்டர் என்று சொல்லி அழைத்துப் போய் ஹெல்பராக இறக்கிவிடுவது இன்றும் நடக்கிறது. ஒப்பந்தத்தில் வேலையின் பெயர், அடிப்படைச் சம்பளம், ஓவர்டைம், தங்கும் இடம் நாலும் எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்து, ஒரு நகலை வீட்டில் அம்மாவிடமோ மனைவியிடமோ கொடுத்துவிட்டு விமானம் ஏறுங்கள்.